நான்கு துலும்பாவா, ஒரு கிண்ணம் சூத்லாச்சா?

துருக்கிக்காரர்கள் தங்கள் இனிப்புகளை இரண்டு பெருங்குடும்பங்களாகப் பிரித்துப் பேசுவார்கள். பாகில் ஊறியவை ‘ஷெர்பெத்லி’, பாலில் செய்தவை ‘சூத்லூ’. பக்லவா, லொக்மா, துலும்பா, கதாயிஃப் ஆகியவை முதல் குடும்பம். அரிசியும் பாலும் சேர்ந்த சூத்லாச், சட்டியின் அடியில் வேண்டுமென்றே தீயவிட்டு எடுக்கும் கசான்திபி, நோன்பு மாதத்துக்கே உரிய குல்லாச் ஆகியவை இரண்டாவது. எடையைக் குறைக்கச் சொல்லும் உணவியலாளரும், இரத்தச் சர்க்கரை கூடிவிட்டது என்று எச்சரிக்கும் மருத்துவரும் அங்கே வழக்கமாகத் தரும் அறிவுரை ஒன்றுதான்: இனிப்பு இல்லாமல் முடியாதென்றால் பாகு இனிப்பை விட்டுப் பால் இனிப்புக்கு மாறுங்கள். இந்த அறிவுரையில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை, பாகு இனிப்புகளிலேயே அதிகம் கெட்ட பெயர் எடுத்த, மாவைப் பிழிந்து பொரித்துப் பாகில் போடும் துலும்பாவை நடுவில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. அறிவுரை பாதிதான் சரி என்பது என் முடிவு. அந்தப் பாதி எது என்பதில்தான் எனக்கே வியப்பு இருந்தது.

வீண் ஆராய்ச்சி இல்லை இது. துருக்கியில் பெரியவர்களிடையே நடத்தப்பட்ட ‘டர்டெப்’ ஆய்வின் முதல் சுற்றில், 1997–98-இல், நீரிழிவு 7.2 விழுக்காட்டினருக்கு இருந்தது. 2010-இல் நடந்த இரண்டாம் சுற்றில் அது 16.5 விழுக்காடு. ஆறு பேருக்கு ஒருவர் என்றால், நோன்பு திறந்தபின் மேசையைச் சுற்றி உட்காரும் எந்தக் குடும்பத்திலும் யாராவது ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும்.

துலும்பா என்ற சொல்லுக்குத் துருக்கியில் பம்பு என்று பொருள். மாவை அழுத்திப் பீய்ச்சும் கருவியிலிருந்து இனிப்புக்கு அந்தப் பெயர் வந்தது. நம் வீட்டு முறுக்கு அச்சில் ஒற்றை நட்சத்திரத் துளை உள்ள தட்டைப் போட்டுப் பிழிந்து, விரல் நீளத்துக்கு நறுக்கி விழவைத்தால் கிடைக்கும் வடிவம்தான் அது. மாவைச் செய்யும் முறையும் நமக்கு அந்நியமானதல்ல. வெண்ணெய் கரைந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, அதில் கோதுமை மாவைக் கொட்டி, கொழுக்கட்டை மாவு கிளறுவதைப் போலச் சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிளற வேண்டும். ஆறியபின் முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிசைகிறார்கள், சிலர் ஒரு கரண்டி ரவையும் சோள மாவும் சேர்க்கிறார்கள். பிறகுதான் நம் வழக்கத்துக்கு நேர்மாறான ஒரு காரியம் நடக்கிறது. மாவைக் காய்ந்த எண்ணெயில் போடாமல், கை பொறுக்கும் சூட்டில் உள்ள எண்ணெயில் பிழிந்துவிட்டுத் தீயை மெல்லக் கூட்டுகிறார்கள். எண்ணெய் முன்பே காய்ந்திருந்தால் மேல்தோல் உடனே இறுகி, உள்ளே வேகாமல் வெடித்துப்போகும். பொன்னிறம் தாண்டிச் சிவந்ததும் எடுத்து, சூடாகவே, ஆறிய பாகில் போடுகிறார்கள். ஜாங்கிரிக்குப் பாகு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்று பழகிய கைக்கு இந்தக் குளிர்ந்த பாகு விசித்திரமாகத் தோன்றும். ஆனால் மேலே மொறுமொறுப்பும் உள்ளே சாறும் ஒரே கடியில் கிடைப்பதற்கு அதுவே காரணம்.

இந்தச் செய்முறை ஊட்டச்சத்துக் கணக்கையும் தீர்மானிக்கிறது. பொரிபடும் பண்டம் எண்ணெயைப் பெரும்பாலும் வாணலிக்குள் இருக்கும்போது குடிப்பதில்லை. அப்போது உள்ளிருந்து வெளியேறும் நீராவி எண்ணெயைத் தள்ளியே வைத்திருக்கிறது. வெளியே எடுத்து ஆறத் தொடங்கும்போது உள்ளே ஆவி குளிர்ந்து அழுத்தம் குறைய, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. குளிர்ந்த பாகில் விழும் சூடான துலும்பா பாகை உறிஞ்சுவதும் ஏறத்தாழ இதே வேலைதான். ஆகவே வாணலியிலிருந்து பாகுக்குப் போகும் வழியில் அரைநிமிடம் சல்லடைக் கரண்டியில் வடியவிடுவது வெறும் சடங்கல்ல.

இனி எண்களுக்கு வருவோம். கடைக்குக் கடை அளவு மாறுவதால், ஒரு வீட்டுச் செய்முறையை எடுத்து நானே கூட்டிப் பார்க்கிறேன்; இவை ஆய்வக அளவுகள் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். 260 கிராம் மாவு, 60 கிராம் வெண்ணெய், 3 முட்டை, ரவையும் சோள மாவுமாக 20 கிராம்: இவை மட்டும் ஏறத்தாழ 1,660 கிலோகலோரி. தண்ணீரும் சேர்ந்து ஏறத்தாழ 800 கிராம் வரும் பிசைந்த மாவின் எடையில் பத்தில் ஒரு பங்கு எண்ணெய் ஏறுகிறது என்று கொண்டால் 80 கிராம், அதாவது 720 கிலோகலோரி. 600 கிராம் சர்க்கரையில் காய்ச்சிய பாகில் பாதி உறிஞ்சப்படுகிறது என்று கொண்டால் 300 கிராம் சர்க்கரை, 1,200 கிலோகலோரி. மொத்தம் 3,580. இதில் 50 துலும்பா வரும் என்றால் ஒன்று 24 கிராம் எடையும் 72 கிலோகலோரியும் கொண்டதாகிறது. அந்த ஒன்றில் சேர்த்த சர்க்கரை 6 கிராம், கொழுப்பு 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு, புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு.

ஒருவர் நான்கு சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 288 கிலோகலோரி, 24 கிராம் சர்க்கரை, ஏறத்தாழ 12 கிராம் கொழுப்பு. சேர்க்கப்படும் சர்க்கரை நாளின் ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட பரிந்துரை. 2,000 கிலோகலோரி உண்பவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம். எனவே நான்காவது துலும்பாவோடு அந்த நல்ல எல்லை தீர்ந்துவிடுகிறது. அதன்பின் வரும் தேநீரில் கட்டிச் சர்க்கரை போட்டால் எல்லை தாண்டியாயிற்று. துருக்கியில் தேநீர்க் கண்ணாடியின் தட்டில் இரண்டு கட்டிகள் தாமாகவே வந்துவிடும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இப்போது மருத்துவர் பரிந்துரைக்கும் சூத்லாச்சை அதே தராசில் வைப்போம். ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பால், 80 கிராம் அரிசி, 150 கிராம் சர்க்கரை, ஆறு கிண்ணங்கள். ஒரு கிண்ணத்துக்கு 250 கிலோகலோரி, சேர்த்த சர்க்கரை 25 கிராம், கொழுப்பு 6 கிராம். சர்க்கரையை மட்டும் பாருங்கள்: நான்கு துலும்பாவும் ஒரு கிண்ணம் சூத்லாச்சும் ஒன்றேதான். அரிசி, பாலின் லாக்டோஸ், மாவு எல்லாவற்றையும் சேர்த்து மொத்த மாவுச்சத்தைப் பார்த்தாலும் துலும்பாவில் 41 கிராம், சூத்லாச்சில் 44 கிராம். நீரிழிவுக்காரர் பார்க்க வேண்டிய முதல் எண் இதுதான். அந்த எண்ணில் பால் இனிப்புக்கு எந்தச் சலுகையும் இல்லை. கொழுப்பில் சூத்லாச் பாதிதான் என்பது மெய். ஆனால் இதயத்துக்கு அதிகம் பொருட்படும் நிறைவுற்ற கொழுப்பில் இரண்டும் மூன்றரை முதல் நான்கு கிராமுக்குள் அடங்குகின்றன. பால் கொழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்றது; துலும்பாவில் ஏறும் கொழுப்பில் பெரும்பகுதியோ, அங்கே எங்கும் புழங்கும் சூரியகாந்தி எண்ணெய்.

அப்படியானால் சூத்லாச் எதில் வெல்கிறது? புரதம் 6 கிராம், கால்சியம் ஏறத்தாழ 200 மில்லிகிராம். பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய 1,000 மில்லிகிராமில் இது ஐந்தில் ஒரு பங்கு. துலும்பா கால்சியத்தில் அருகில்கூட வராது, நான்கின் புரதமும் 4 கிராமுக்குள்தான். ஆனால் இவற்றைவிடப் பெரிய வெற்றி ஒன்று உண்டு: கிண்ணத்துக்கு அடி இருக்கிறது. சூத்லாச் ஆளுக்கு ஒரு கிண்ணமாக, மேலே சிவந்த ஏட்டோடு வருகிறது, தீர்ந்தால் தீர்ந்தது. துலும்பா நடுத்தட்டில் குவிந்து கிடக்கிறது. பேசிக்கொண்டே கை போகும், எண்ணிக்கை யார் நினைவிலும் இருக்காது. ஆறு துலும்பா சாப்பிட்டவருக்கு 430 கிலோகலோரியும் 36 கிராம் சர்க்கரையும் சேர்ந்திருக்கும், அவரைக் கேட்டால் ‘மூன்று நாலு’ என்பார். பால் இனிப்புக்கு மாறியவர்களுக்கு உண்மையிலேயே பயன் கிடைத்திருந்தால், அதில் பாலின் பங்கைவிடக் கிண்ணத்தின் பங்கே அதிகம் என்பது என் கணிப்பு.

இதே காரணத்தால் லொக்மா துலும்பாவைவிட ஆபத்தானது. அரபுச் சமையலில் ‘நீதிபதியின் கவளம்’ என்று பெயர் பெற்ற பழைய இனிப்பின் வழியில் வந்தது இது. லொக்மா என்றாலே கவளம்தான். முட்டையும் வெண்ணெயும் இல்லாத, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த நீர்த்த மாவு. ஆகவே இது ‘லேசானது’ என்று பலர் நம்புகிறார்கள். அதே 260 கிராம் மாவில் கணக்குப் போட்டால், 100 கிராம் லொக்மாவிலும் 100 கிராம் துலும்பாவிலும் ஏறத்தாழ 300 கிலோகலோரிதான். சர்க்கரையும் இரண்டிலும் எடையில் கால் பங்கு. வெண்ணெய் இல்லாததால் மிச்சமாகும் கொழுப்பில் ஒரு பகுதியை, சிறிய உருண்டைகளின் மேற்பரப்பு அதிகமாக உறிஞ்சும் எண்ணெய் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நிறைவுற்ற கொழுப்பு குறைவு என்பது மட்டும் மிஞ்சும் ஆதாயம். ஆனால் ஒரு சிறு உருண்டை 13 கிராம், 39 கிலோகலோரி. பத்து உருண்டை போவது தெரியாது. 390 கிலோகலோரி, 32 கிராம் சர்க்கரை.

இஸ்மிர் நகரத்து லொக்மாவுக்கு வேறொரு முகமும் இருக்கிறது. அங்கே நடுவில் துளையிட்ட வளையமாக, இறந்தவர்களின் ஆன்மாவுக்காகத் தெருவில் பொரித்து, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். வண்டியின் முன் வரிசை நீளும், தட்டை வாங்கியவர் இறந்தவருக்காக ஒரு வார்த்தை பிரார்த்தித்துவிட்டுப் போவார். அந்தத் தட்டைக் கலோரிக் கணக்கோடு வாங்குவது யாராலும் முடியாது, வேண்டியதும் இல்லை. அன்றைய இனிப்பு அதுதான் என்று வைத்துக்கொண்டு, வீட்டில் வேறு இனிப்பைத் தவிர்ப்பதே அந்த ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரிந்த எளிய வழி.

பக்லவாவை இந்த ஒப்பீட்டில் சேர்க்காமல் இருக்க முடியாது, ஏனெனில் கடையில் துலும்பாவுக்குப் பக்கத்துத் தட்டு அதுதான். 2013-இல் காசியான்தெப் பக்லவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. துருக்கிப் பொருள்களில் அதுவே முதலாவது. பிஸ்தாவும் நெய்யும் அடுக்கடுக்கான மெல்லிய மாவும் சேர்ந்த இதில் தண்ணீர் குறைவு என்பதால் ஆற்றல் செறிவு மிகுதி: 100 கிராமில் 400 முதல் 450 கிலோகலோரி. நூறு கிராம் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் பக்லவாவைக் கடைசியிலும் துலும்பாவை அதற்கு மேலும் வைப்பார்கள். ஆனால் 40 கிராம் எடையுள்ள ஒரு துண்டில் 170 கிலோகலோரி, மொத்த மாவுச்சத்து 15 முதல் 20 கிராம் வரை. ஒரே ஒரு துண்டோடு நிறுத்தக்கூடியவருக்கு, நான்கு துலும்பாவையும் ஒரு கிண்ணம் சூத்லாச்சையும்விட இரத்தச் சர்க்கரையை இது குறைவாகவே ஏற்றும். பிஸ்தாவின் புரதமும் நல்ல கொழுப்பும் கூடுதல் வரவு. நெய்யின் நிறைவுற்ற கொழுப்பு அதற்கு எதிரான செலவு. இரண்டு துண்டு என்றால் இந்த வாதம் முழுவதும் சரிந்துவிடும்.

குல்லாச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சோள மாவில் வார்த்த மெல்லிய உலர் இலைகளை இனித்த பாலில் நனைத்து அடுக்கி, மாதுளை முத்துகளைத் தூவிக் குளிரவைக்கும் இது வாயில் இருப்பதே தெரியாது. எண்ணெய் அறவே இல்லை. ஆயினும் ஒன்றரை லிட்டர் பாலுக்கு 300 கிராம் சர்க்கரை சேர்த்துப் பன்னிரண்டு பங்கிட்டால் ஒரு பங்குக்கு அதே 25 கிராம் வந்து நிற்கிறது. நாக்குக்கு லேசாக இருப்பது உடம்புக்கும் லேசாக இருக்கும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடைக்காது.

துலும்பாவையே கைவிடாமல் அதைத் திருத்த முடியாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று வழிகள் பேசப்படுகின்றன. பொரிக்காமல் ஓவனில் சுட்டால் அந்த 80 கிராம் எண்ணெய் மிச்சம். ஆனால் ஐம்பதாகப் பங்கிட்டுப் பார்த்தால் ஒன்றுக்கு 14 கிலோகலோரிதான் குறைகிறது, மொறுமொறுப்போ பெருமளவு போய்விடுகிறது. பாகை நீர்க்கவைத்து, சர்க்கரையை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் ஒன்றுக்கு 2 கிராம் சர்க்கரையும் 8 கிலோகலோரியும் குறையும். ஆனால் பிசுக்குப் பதம் வராத பாகு வேகமாக ஊறி, தோலை நமத்துப்போகச் செய்யும். இரண்டையும் சேர்த்தால் 22 கிலோகலோரி. மூன்றாவது வழி, செயற்கை இனிப்பூட்டியில் பாகு. அதற்குப் பாகின் கனமோ பளபளப்போ வராது என்பதோடு, சர்க்கரை முழுவதையும் நீக்கினாலும் நான்கு துலும்பாவில் மாவு தரும் மாவுச்சத்து 17 கிராமும் 190 கிலோகலோரியும் அப்படியே இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ‘சர்க்கரை இல்லாதது’ என்ற அட்டையைப் பார்த்து எட்டு சாப்பிடுபவர் ஏமாறுவது இங்கேதான். எனக்கு இந்த மூன்றிலும் ஆர்வமில்லை. ஒரு துலும்பாவைக் குறைத்தால் 72 கிலோகலோரியும் 6 கிராம் சர்க்கரையும் ஒரே அடியில் போகும். மிச்சமுள்ள மூன்றும் உண்மையான துலும்பாவாக இருக்கும்.

திருத்தம் என்றால் நான் கவனிப்பது எண்ணெயின் அளவை அல்ல, அதன் வயதை. துலும்பா மெல்லக் கூடும் சூட்டில் நீண்ட நேரம் பொரிவதால் எண்ணெயும் அதிக நேரம் அடுப்பில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் சேரும். அவை 25 விழுக்காட்டை ஒட்டிய அளவைத் தாண்டினால் எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்று பல நாடுகளில் விதி உண்டு. கடையில் வாங்குபவர் பார்க்கக்கூடிய அடையாளங்கள் இரண்டு: கடித்தபின் தொண்டையில் நிற்கும் காறல், துலும்பாவின் நட்சத்திர விளிம்புகளில் பொன்னிறத்துக்குப் பதிலாகக் கறுத்த பழுப்பு. மாவில் வெண்ணெய்க்குப் பதில் மார்கரின் போடுவதும் உண்டு. தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பை உணவிலிருந்து அகற்ற உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இயக்கம் தொடங்கியபின் மார்கரின்கள் பல நாடுகளில் திருந்தியிருக்கின்றன. இருந்தாலும் வீட்டில் செய்பவர் உறையைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. பாகில் சர்க்கரைக்குப் பதில் மாவுச்சத்திலிருந்து எடுத்த குளுக்கோஸ் பாகு சேர்ப்பது பற்றித் துருக்கியில் சூடான விவாதம் நடந்தது. 2018-இல் அவ்வகைச் சர்க்கரையின் உற்பத்தி ஒதுக்கீட்டை 10 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். அந்த விவாதத்தின் அரசியலும், சர்க்கரை எடுக்கும் பீட்ரூட்டைப் பயிரிடும் விவசாயிகளின் நலனும் வேறு விஷயம். உண்பவரின் கலோரிக் கணக்கில் சர்க்கரைக்கும் அந்தக் குளுக்கோஸ் பாகுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

இனி முடிவு. இன்சுலின் போடுபவருக்குத் துலும்பாவில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், சர்க்கரை உடனே ஏறாமல் பிந்தி ஏறும். சாப்பிட்டவுடன் அளந்து பார்த்து நிம்மதி அடைந்தவர், பிறகு உயர்வைப் பார்த்துக் குழம்புவார். அவருக்கு ஒரு துண்டு பக்லவாவோ இரண்டு துலும்பாவோ போதும், மருந்தின் நேரத்தைத் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டபின். எடையைக் குறைக்க முயல்பவர், தம் கையைத் தாமே நம்பாதவர் என்றால், சூத்லாச்சைத் தேர்ந்தெடுக்கட்டும். நம்புபவர் என்றால் மூன்று துலும்பா அதைவிடக் குறைவான கலோரிதான், 216. வளரும் குழந்தைக்கும் பசி குறைந்த முதியவருக்கும் சந்தேகமே இல்லாமல் சூத்லாச். அவர்களுக்குப் புரதமும் கால்சியமும் ஒவ்வொரு கவளத்திலும் வேண்டும். பகல் முழுதும் நோன்பிருந்து வெறும் வயிற்றில் நேராகத் துலும்பாவுக்குப் போவது எவருக்கும் நல்லதல்ல. சூப்பும் சோறும் முடிந்து சற்று நேரம் கழித்து வருவதே அங்குள்ள பழைய வழக்கமும்கூட.

யாராக இருந்தாலும் கய்மாக்கை மட்டும் மறுத்துவிடலாம். எருமைப் பாலின் அந்தக் கட்டியான ஏட்டை ஒரு கரண்டி, 20 கிராம், துலும்பாவின் மேல் வைத்தால் ஏறத்தாழ 12 கிராம் கொழுப்பு. நான்கு துலும்பாவின் மொத்தக் கொழுப்புக்குச் சமம் அது. சுவையில் அதற்கு நிகர் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆண்டுக்கு ஒருமுறை என்றால் தடுக்கமாட்டேன்.

கடைசியாக, இந்த முடிவு உண்மையில் எடுக்கப்படும் இடம் சாப்பாட்டு மேசை அல்ல, கடையின் தராசு. நோன்புப் பெருநாளுக்குச் ‘சர்க்கரைத் திருநாள்’ என்றே துருக்கியில் இன்னொரு பெயர் உண்டு, அப்போது யாரும் துலும்பாவை எண்ணி வாங்குவதில்லை, கிலோவாக வாங்குகிறார்கள். ஒரு கிலோவில் நாற்பதுக்கு மேல் நிற்கும்: 3,000 கிலோகலோரி, 250 கிராம் சர்க்கரை. துலும்பா மறுநாள் நமத்துவிடும் என்பதால் அன்றே தீர்க்கப்பார்ப்பார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அரைக் கிலோ வாங்கினால் ஆளுக்கு நான்கு வரும், தட்டில் மிச்சம் இருக்காது.